ஒன்பதாம் மனையின் பட்டா

செவ்வோடை தங்கச் சுரங்க முகாம்,
மாத்ரே தே தியோஸ் காடு
1999 ஏப்ரல் 4

எர்மெலிந்தா,

வழக்கமாகப் போடுகிற 'அன்புள்ள' இந்தத் தடவை இல்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

என் தம்பி வில்பெர் சாமான் லாரிக்காரர் கையில் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். நாம் குடியேறிய மேட்டுக்குப் பட்டா ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்களாம். வீடு வீடாக எழுதிக்கொண்டு போனார்களாம். நம் வாசலில் வந்து கேட்டபோது, மணமாகாதவள், தனி ஆள் என்று உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நீயும் கீழே கையெழுத்துப் போட்டாய். தம்பி பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறான், இல்லை என்று சொல்லாதே.

பதினோரு வருஷம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் இங்கே இடுப்பளவு சேற்றில் நின்று மணல் அலசுகிறேன். நீ அங்கே நான் பிறக்கவே இல்லை என்று சர்க்காரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். முகாமில் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே சிரிப்பதற்கு வேறு ஒன்றும் கிடைப்பதில்லை, என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, அது போகட்டும் என்று எழுத நினைத்தேன். போக மாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளி எவரார்தோ என்னைக் கூப்பிட்டுப் பேசினார். லீமாவில் மேட்டு ஜனங்களுக்கெல்லாம் பட்டா கொடுக்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. பட்டாவைக் கொண்டுவந்தால் குஸ்கோவில் தனக்குத் தெரிந்த ஆளிடம் அடகு வைத்து மோட்டார் பம்பு வாங்கித் தருவதாகச் சொன்னார். மோட்டார் என்னுடையது, பள்ளம் அவருடையது, கிடைக்கும் தங்கத்தில் ஆளுக்குப் பாதி. கூலிக்காரன் இங்கே சாகும்வரை கூலிக்காரன்தான், லிந்தா. மோட்டார் வைத்திருப்பவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே பட்டா வந்ததும் அடகு வைக்க எனக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, லாரிக்காரர் மக்சீமோவிடம் கொடுத்துவிடு. தனி ஆள் என்று கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

யோவானாவுக்கு ஒரு கிளி இறகு எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல். பச்சையும் சிவப்பும் கலந்தது.

சத்துர்னீனோ

---

புதிய விடியல் மேடு, லீமா
ஏழாம் வரிசை, ஒன்பதாம் மனை
ஏப்ரல் 26

சத்துர்னீனோ,

நீ 'அன்புள்ள' போடாததால் எனக்கு ஒரு அகப்பைக் கஞ்சி குறைந்துவிடவில்லை. நானும் போடவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

உன் தம்பி கண்ணால் பார்த்ததைச் சொன்னான். காதால் கேட்டதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அன்றைக்குப் பொதுச் சமையலறையில் என் முறை. மேட்டுக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று வழக்கம்போல் ரேடியோவைப் பாட விட்டுத்தான் வந்திருந்தேன். காலி வீட்டைக் கண்டால் எவனாவது பாயும் கம்புமாக வந்து குடிசை போட்டு உட்கார்ந்துவிடுவான், உனக்குத் தெரியும். கீழே ஒலிபெருக்கி கேட்டது. சட்டம் உங்கள் வாசலுக்கே வருகிறது, கையில் பட்டா இருந்தால் வங்கி கடன் தரும், வறுமை ஒழியும் என்று சொல்லிக்கொண்டே ஜீப் ஏறிவந்தது. தண்ணீர் லாரி ஏற முடியாத வழியில் சட்டம் எப்படி ஏறியது என்று கூட உரித்துக்கொண்டிருந்த அசுந்தா அக்கா கேட்டாள். நான் கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடினேன்.

ஒல்லியான ஒரு அதிகாரி. புழுதியில் இருமிக்கொண்டே கேட்டான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"சர்டிபிகேட் எடுங்க."

"அதுக்கு முதல்ல கூரை போடணும் சார்."

அவன் பேனாவை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். லீமாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பாவம். நம் ஊர் மலைப்பக்கத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து குடித்து வாக்குக் கொடுத்துவிட்டால் அதுதான் குடும்பம், பாதிரியாரும் நகராட்சியும் வீடு கட்டி முடித்த பிறகுதான் என்று விளக்கினேன். கான்கிரீட் கூரை போட்ட அன்றைக்குத்தான் கல்யாணம் என்று நாம் பேசிவைத்ததையும், இன்னும் தகரம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். கூரைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் அதே தகரம், அதே கதை.

அதற்குப் பிறகுதான் அவன் நம் சங்கத்தின் பழைய பட்டியலைப் பிரித்துக் காட்டினான். குடியேறிய முதல் வருஷத்துப் பட்டியல். அதில் என் பேருக்கு எதிரே 'மணமாகாதவள்' என்று இருக்கிறது. யார் சொல்லி அது அங்கே வந்தது? நினைவு இருக்கிறதா? கம்பு நட்டுப் பாயால் சுவர் கட்டிய மூன்றாம் நாள் சங்கத்தில் பெயர் எழுதினார்கள். குடும்பத்துக்கு ஒரு மனை என்று சொன்னதும் நீ என் காதில் வந்து சொன்னாய், நீ தனி ஆள்னு சொல்லு, நானும் தனி ஆள்னு சொல்றேன், ரெண்டு மனை கிடைக்கும் என்று. மேட்டில் முக்கால்வாசி ஆண்கள் அன்று அதே கெட்டிக்காரத்தனத்தைத்தான் செய்தார்கள். சங்கத்தார் என்ன முட்டாள்களா? கிடைத்தது ஒரே ஒரு மனை. சொன்ன பொய் மட்டும் பட்டியலில் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது.

அதைத்தான் அந்தப் பையன் பார்த்து எழுதினான். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றேன். போடாவிட்டால் மனையையே யாரும் இல்லாத இடம் என்று எழுதிவிட்டுப் போவேன் என்றான். போட்டேன். இப்போது யார் யாரைப் பிறக்கவில்லை என்று சொன்னது?

ஜூலை முதல் வாரம் கடைசிச் சரிபார்ப்பு. கல்யாணப் பத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். சேர்ந்து வாழ்கிறோம் என்று இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டால் பட்டாவில் இரண்டு பெயரும் வரும். ஒருவர் மட்டும் நின்றால் ஒரு பேர்தான். அதனால் அதற்குள் வந்துவிடு.

மோட்டார் விஷயம். மாட்டேன். அடகுத் தாளில் என் கையெழுத்து வராது. அசுந்தா அக்கா வீடு எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியாது, நீ காட்டுக்குப் போன பிறகு நடந்தது. கீழ்மேட்டில் முதலில் பட்டா வாங்கியது அவர்கள்தான். புருஷன் பேரில் மட்டும் வாங்கினார்கள். அவன் வங்கியில் வைத்து மூன்று சக்கர மோட்டார் வண்டி வாங்கினான். வண்டியோடு போனவன் திரும்பவில்லை. ஒரு நாள் ஏலக்காரர்கள் வந்து, இது உன் வீடு இல்லை அம்மா, எட்டு மாசமாகவே இல்லை என்று சொன்னார்கள். அவள் கட்டிய வீடு. செங்கல் ஒவ்வொன்றும் அவள் முதுகில் ஏறியது. இப்போது சமையலறைப் பலகை மேல் படுக்கிறாள். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று அவளிடம் சொன்னார்களாம்.

எனக்கும் சட்டம் வேண்டும். ஆனால் என்னையும் எண்ணிப் பார்க்கிற சட்டமாக வேண்டும்.

யோவானா கிளி இறகைப் பற்றித் தினமும் கேட்கிறாள். இறகைத் தபாலில் அனுப்பாதே. கொண்டு வா.

எர்மெலிந்தா

---

செவ்வோடை முகாம்
மே 16

எர்மெலிந்தா,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்து பார்த்த ருசி உனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சு.

அசுந்தாவின் புருஷனோடு என்னைச் சேர்க்கிறாயா? அவன் குடிகாரன். நான் என்ன குடித்தேன்? உனக்குத் தெரியாமல் எதை விற்றேன்?

ஒன்று சொல்கிறேன், கேள். நீ என் மனைவி என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது. இருந்தும் என் வீட்டில் இருந்துகொண்டு, என் மகளை வைத்துக்கொண்டு என்னையே எதிர்த்துப் பேசுகிறாய். அந்த மனைக்கு முதல் கம்பு நட்டது யார்? போலீஸ் வந்து பாயைக் கொளுத்தியபோது மண்டை உடைந்தது யாருக்கு? தகரத்தைச் சந்தையிலிருந்து தலையில் சுமந்து ஏற்றியது யார்? வடக்கு மூலையில் பனி சொட்டுகிறது, தார் பூசி அடை என்று போன வருஷமே சொன்னேன், அடைத்தாயா? மாட்டாய். என் நீலச் சட்டையை வில்பெருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயாமே. அது என் அண்ணன் எனக்குக் கொடுத்த சட்டை. நான் என்ன செத்தா போனேன்? கட்டிலுக்கடியில் என் கொத்தனார் சாமான் இருக்கிறது, அதையாவது யாருக்கும் தானம் செய்யாமல் வை. யோவானாவை அந்தக் கிணற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்றேன், அதையும் நீ கேட்கவில்லை.

ஜூலையில் வர முடியாது. இங்கே தொண்ணூறு நாள் ஒப்பந்தம், மழையில் வேலை நின்ற நாள் கணக்கில் சேராது. நடுவில் போனால் அதுவரை செய்த வேலைக்கு ஒன்றும் கிடையாது. இது உனக்குத் தெரியாத விஷயமா?

பட்டா வரும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளையாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சம்மதத் தாளை அனுப்பு.

சத்துர்னீனோ

---

புதிய விடியல் மேடு
ஜூன் 2

சத்துர்,

முதல் கம்பை நட்டது நான். நீ விளக்குப் பிடித்தாய். விளக்கையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, என் கட்டைவிரல் நசுங்கியது. அந்த நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது, வந்து பார்.

மண்டை உடைந்தது உனக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு எரிகிற பாயை இழுத்து வெளியே போட்டது யார் என்று நீ எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொது வேலைக்கு, படிக்கட்டு வெட்டவும் பாதை போடவும் வீட்டுக்கு ஒருவர் என்று கூப்பிட்டார்களே, நான்கு வருஷமாக ஒன்பதாம் மனையிலிருந்து போன ஆள் யார் என்று வரிசையில் யாரை வேண்டுமானாலும் கேள். நீ எப்போதும் எங்காவது வெளியூர் வேலையில் இருந்தாய். சம்பாதிக்கத்தான் போனாய், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் வீடு, என் வீடு என்று எழுதும்போது கொஞ்சம் கை கூச வேண்டாமா?

மனைவி என்பதற்குத் தாள் இல்லை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன். அதற்கு நீ ஒரு நாள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

இங்கே எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். சங்கத் தலைவி செனோபியா அக்கா, என் அம்மா, அசுந்தா அக்கா எல்லோருக்கும் ஒரே பாட்டு. அவன் வரமாட்டான், பேசாமல் ஒத்தப் பேரில் வாங்கிக்கொள், அப்புறம் வந்து என்ன செய்ய முடியும் என்கிறார்கள். எவ்வளவு சுலபம் தெரியுமா? நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றாலே வீடு எனக்கு. உன் தம்பி வேறு தினமும் வந்து, அண்ணி, அண்ணன் தாள் கேட்டானே, கொடுத்தாச்சா என்று நச்சரிக்கிறான். முந்தாநாள் உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் கழற்றி வாங்கிவிட்டேன். வெறும் பனியனோடு வீட்டுக்குப் போனான்.

இனி நான் கேட்கிறேன், நீ சொல். இரண்டு கடிதம் எழுதினாய். மோட்டார் வந்தது, முதலாளி வந்தார், சட்டை வந்தது, தார் வந்தது. கூலி என்ற சொல் ஓர் இடத்தில்கூட உன் பேரோடு சேர்ந்து வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனவன். இந்த நேரம் முதல் ஒப்பந்தம் முடிந்து பணம் வந்திருக்க வேண்டும். வந்ததா? சாப்பிடுகிறாயா? காய்ச்சல் வந்ததா?

ஆண்பிள்ளை பதிலெல்லாம் வேண்டாம். உண்மையை எழுது.

எர்மெலிந்தா

---

ஜூன் 20

லிந்தா,

இந்தத் தடவை முகாமின் பேரை மேலே எழுதவில்லை. நீயும் எழுதாதே. முதலாளி கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. இனிமேல் சமையல்காரி எவ்லோகியாவின் பேருக்கு அனுப்பு. நல்ல பெண், பூனோக்காரி. அவளும் மாட்டிக்கொண்டவள்தான்.

கூலி வரவில்லை.

முதல் ஒப்பந்தம் முடிந்தபோது சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் கழித்ததில் மிச்சம் இல்லை என்றார். காய்ச்சல் வந்ததென்னவோ உண்மை, மாத்திரையும் தின்றேன். ஆனால் அவ்வளவு மாத்திரையை யானைகூடத் தின்னாது. இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் படிக்கவிடாமல், கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். வந்த அன்றே என் அடையாள அட்டையை வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் வைத்தவர், இன்னும் தரவில்லை. எல்லோருடையதும் அங்கேதான் இருக்கிறது. அட்டை இல்லாமல் ஆற்றைத் தாண்டினால் சோதனைச் சாவடியில் பிடித்துத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விடுகிறார்கள். சாவடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

மோட்டார் யோசனை என்னுடையது இல்லை. பட்டாவைக் கொண்டுவா, அட்டையைத் தருகிறேன், பங்காளி ஆக்குகிறேன் என்று அவர்தான் சொன்னார். லீமாக்காரர்கள் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேரிடமும் அதே மோட்டார் கதையைத்தான் விற்றிருக்கிறார் என்று போன வாரம் மூங்கில் வெட்டப் போன இடத்தில் பேசித் தெரிந்துகொண்டோம். ஒருவன் ஏற்கனவே அம்மாவின் பட்டாவைக் கொடுத்துவிட்டான். அவன் இன்னும் என் பக்கத்தில் நின்று சேறுதான் அள்ளுகிறான்.

போன கடிதத்தில் உனக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது அவர் பின்னால் நின்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நானாகவே எழுதியதுதான்.

இப்போது நான் சொல்வதைச் செய். நான் கேட்ட தாளைக் கொடுக்காதே. ஜூலையில் அவர்கள் வரும்போது தனி ஆள் என்றே எழுது. செனோபியா அக்கா சொல்வது சரி. உன் பேரில் மட்டும் வாங்கிக்கொள். என் பேர் அதில் இருந்தால் இந்த ஆள் என் கழுத்தைப் பிடித்து அதை வாங்கிவிடுவான். நான் செத்துப்போனேன் என்று வேண்டுமானாலும் சொல். வீடு உனக்கும் யோவானாவுக்கும் இருக்கட்டும்.

இறகு பத்திரமாக இருக்கிறது.

சத்துர்

---

புதிய விடியல் மேடு
ஏழாம் வரிசை, ஒன்பதாம் மனை
ஜூலை 11

அன்புள்ள சத்துர்,

எவ்லோகியா அக்காவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல். இதைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன, அது போதும்.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. தார் பூசச் சொன்னதைக் கேட்காததுபோல இதையும் கேட்கவில்லை.

சரிபார்ப்பு பள்ளிக்கூடத் திடலில் மேசை போட்டு நடந்தது. எலும்பு நனைகிற பனி. வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. இருமிக்கொண்டிருந்த அதே பையன், கூட மேலதிகாரியாகக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். என் முறை வந்தது. "மணமாகாதவர், ஒருவர், சரிதானே" என்று பையன் முத்திரையைத் தூக்கினான். நான் முத்திரைக்குக் கீழே கையை வைத்துவிட்டேன். மை என் கைமேல் விழுந்தது, இன்னும் போகவில்லை.

"சரியில்ல. ரெண்டு பேரு" என்றேன்.

ஆள் எங்கே என்றார்கள். காட்டில் என்றேன். கையெழுத்து எங்கே, அட்டை எங்கே, ஒன்றும் இல்லாமல் எதை வைத்து எழுதுவது என்று அந்த அம்மாள் கேட்டார். கேட்டது நியாயம். அதனால் உன் மே மாசத்துக் கடிதத்தை எடுத்தேன்.

ஆமாம், அதைத்தான். சத்தமாகப் படித்தேன். நீ என் மனைவி என்பதற்கு ஒரு தாள்கூடக் கிடையாது என்ற இடத்தில் வரிசையே முன்னால் நெருங்கி வந்தது. நான் நிறுத்தாமல் படித்தேன். தகரம், வடக்கு மூலை, தார், பள்ளிக்கூடம், நீலச் சட்டை எல்லாம் வந்தது. சட்டைக்கு வந்தபோது அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தேன், திரும்ப வாங்கிவிட்டேன் என்றேன். பின்னாலிருந்து அசுந்தா அக்காவின் குரல்.

"இது புருஷன் கடுதாசிதான் மேடம். வேற எவன் ஆயிரம் மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு சட்டையைப் பத்திக் கேப்பான்?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. வில்பெர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆனால் சாட்சி வேண்டும் என்றதும் முதலில் வந்து கையெழுத்துப் போட்டவனும் அவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஏழாம் வரிசையே வந்தது. மேலதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரமும் அக்கம்பக்கத்தார் சாட்சியும் இருந்தால் வர முடியாதவர் பேரையும் சேர்க்கலாம் என்று அதில் இருக்கிறது. தபால் முத்திரையோடு ஒன்பதாம் மனைக்கு வந்த கடிதங்கள் ஆதாரம்தான் என்றார். உன் அடையாள எண் யோவானாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்தது. அட்டையைத்தான் அவன் பெட்டியில் பூட்ட முடியும், எண்ணைப் பூட்ட முடியாது.

நான் கொண்டுபோன கடிதக் கட்டோடு இருந்த உன் ஜூன் மாசத்துக் கடிதத்தையும் அந்த அம்மாள் படித்துவிட்டார்.  பிறகு மெதுவாகச் சொன்னார், அவரே விட்டுக்கொடுக்கிறாரே அம்மா, உங்களுக்கும் அதுதானே நல்லது, ஒரே நிமிஷத்தில் முடியும் என்று. என் அம்மாகூட பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் விட்டுக்குடுக்கறான் மேடம், நான் வாங்கிக்கல. ஒத்தப் பேரு இருந்தா அந்த ஒருத்தரப் புடிச்சு மிரட்டி எவன் வேணா எழுதி வாங்கிடுவான். இன்னிக்கு அவன மிரட்டறான், நாளைக்கு என்னை. ரெண்டு கையெழுத்து இல்லாம எதுவும் ஆகாதுன்னு எழுதுங்க. அந்த முதலாளிக்கு எங்க வீடு வேணும்னா இந்த மேடு ஏறி வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

எழுதினார்கள். இரண்டு பேரையும் எழுதினார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்று என்னிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டினார்கள். எனக்குப் பின்னால் நின்ற இருபது பெண்கள் வீட்டுக்கு ஓடிப் புருஷன்மார்களின் கடிதங்களைத் தேடினார்கள். நம் மேட்டு ஆண்கள் எப்பேர்ப்பட்ட கடிதங்கள் எழுதுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நீ பரவாயில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. லாரிக்காரர் மக்சீமோ வாழைக்காய் ஏற்றிக்கொண்டு லீமா சந்தைக்கு வந்தபோது நேரில் பார்த்துப் பேசிவிட்டேன். சாவடி வழியாகப் போகாத மரம் வெட்டுகிற பாதை ஒன்று அவருக்குத் தெரியுமாம். முகாமுக்குச் சாமான் இறக்க வரும்போது உன்னை ஏற்றிக்கொள்வார். ஏழு பேரையும் ஏற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டேன். நெருக்கி உட்கார்ந்தால் இருக்கிறது என்றார். எவ்லோகியா அக்காவையும் விட்டுவிட்டு வராதீர்கள். நகரத்துக்குப் போனதும் நேராகப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் புது அட்டை கேள். எப்படிப் போனது என்று கேட்பார்கள். தொலைந்துவிட்டது என்று சொல்லாதே. பிடுங்கிக்கொண்டான் என்று சொல், அவன் பேரைச் சொல், எழுதிக்கொள்ளச் சொல். எழுத மாட்டேன் என்றால் எழுதும்வரை அங்கேயே நில்லுங்கள், ஏழு பேரும். நான் ஒருத்தி நின்றே எழுத வைத்தேன்.

மே மாசத்துக் கடிதத்தை நான் மன்னிக்கவில்லை. உபயோகப்பட்டது என்பதால் அது நல்ல கடிதம் ஆகிவிடாது. நகராட்சியில் இலவசக் கூட்டுக் கல்யாணம் வைக்கிறார்கள், கூரைக்காகக் காத்திருக்காதே என்று செனோபியா அக்கா சொல்கிறாள். அதை உன் முகத்தைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன். கையெழுத்துக்காக நான் யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன். இப்போது அதற்கு அவசியமும் இல்லை.

கூலி இல்லாமல் எந்த முகத்தோடு மேடு ஏறுவது என்று நீ அங்கே உட்கார்ந்து யோசிப்பாய், எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளாக அந்தப் பள்ளத்தில் கிடக்கிறாய். வெறுங்கையோடு வா. இறகு ஒன்று இருந்தால் போதும். இது உன் பேர் போட்ட வீடு. உள்ளே வராதே என்று உன் தம்பி சொல்ல முடியாது, என் அம்மா சொல்ல முடியாது. கோபத்தில் ஒரு நாள் நானே வெளியே போ என்று கத்தினாலும் நீ போக வேண்டியதில்லை. சட்டம் அப்படி.

எர்மெலிந்தா